தொலைவிலிருந்து ஆணை: செஞ்சி மராட்டிய அரசவையும் (1689–1698) வலையமைப்பின் இடப்பாதைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தில் பிறக்கும் ஆணை வேறோரிடத்தில் நிறைவேற வேண்டியிருக்கும்போது இரு வினாக்கள் எழுகின்றன. ஆணை சுட்டும் பொருளின் முகவரியை எந்த இடத்தில் நின்று படிப்பது? அப்பொருளைத் திறக்கும் உரிமை யாருடையது? தொலைக் கணினிகளில் கட்டளைகளை இயக்கும் தொழில்நுட்ப வரலாறு இவ்விரு வினாக்களையும் தனித்தனியே பிரித்து அறியக் கற்றுத் தந்துள்ளது. அப்பிரிப்பைக் கருவியாகக் கொண்டு, இராஜாராம் செஞ்சியிலிருந்து ஆண்ட காலத்தின் ஆணைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, இராஜாராம், இராமச்சந்திர பந்த், தொலைக் கட்டளை, வலையமைப்புப் பாதை, அதிகார ஒப்படைப்பு, செக்குபந்தி

முன்னுரை

1689 மார்ச்சு மாதம் சம்பாஜி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி இராஜாராம் இராய்கட்டிலிருந்து வெளியேறிப் பன்ஹாளாவை அடைந்து, அங்கிருந்து மாறுவேடத்தில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். கெளதி அரசி சென்னம்மாவின் நாட்டில் அடைக்கலம் பெற்று, வேலூர் வழியாக அவ்வாண்டு நவம்பரில் செஞ்சியை வந்தடைந்தார். ஆண்டு முடிவதற்குள் இராய்கட் முகலாயர் வசமாயிற்று. அரசர் இருந்த கோட்டைக்கும் அவர் ஆள வேண்டிய நாட்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர் தொலைவு; நடுவில் பேரரசரின் படைகள். இந்நிலையில் எட்டாண்டுகள் மராட்டிய அரசின் ஆணைகள் இராஜகிரியின் அடிவாரத்திலிருந்து பிறந்தன.

தமிழ் மக்கள் நினைவில் செஞ்சி என்றால் தேசிங்கு. 1714ஆம் ஆண்டில் சாதத்துல்லா கானுடன் பொருது மாண்ட அந்த இளைஞனின் கதை கூத்திலும் பாட்டிலும் நிலைபெற்றுவிட்டது. அதற்கு முந்திய எட்டாண்டு அரசவையை நினைவூட்டும் நாட்டார் வழக்கு மிகக் குறைவு. வரலாற்று நூல்களோ அக்காலத்தை முற்றுகை வரலாறாகவே பெரும்பாலும் எழுதுகின்றன: சுல்பிகார் கான் எப்போது வந்தார், சாந்தாஜி கோர்ப்படே யாரைச் சிறைப்பிடித்தார், கோட்டை எப்போது விழுந்தது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். அதிலும் செஞ்சி, தாக்கப்படும் இடமாகத் தெரியும் அளவுக்கு ஆணை பிறப்பிக்கும் இடமாகத் தெரிவதில்லை. 2025 சூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாக, மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டையின் அரண்கள் பற்றிய பேச்சு அதனால் பெருகியுள்ள இவ்வேளையில், அங்கிருந்து வெளியே சென்ற ஓலைகளையும் தாள்களையும் பற்றிப் பேசுவது பொருத்தமாகும்.

இந்த ஆய்வுக்குரிய சொற்கள் எதிர்பாராத ஒரு துறையிலிருந்து கிடைக்கின்றன. கணினி வலையமைப்பில், ஒருவர் தம் மேசையிலிருந்து தொலைவிலுள்ள மற்றொரு கணினியில் கட்டளை ஒன்றை இயக்கும்போது, அக்கட்டளையில் குறிக்கப்பட்ட கோப்பின் பாதை எங்கே படிக்கப்படுகிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியாளர்களை அலைக்கழித்த சிக்கல். பதினேழாம் நூற்றாண்டின் மேல் கணினியை ஏற்றிப் பார்ப்பது இங்கு நோக்கமன்று. அரசாட்சி ஆவணங்களில் கலந்து கிடக்கும் இருவகைத் தோல்விகளைப் பிரித்துப் பெயரிடக் கணினித்துறை உதவுகிறது என்ற அளவில் மட்டுமே அது இங்குக் கையாளப்படுகிறது.

பாதையைப் படிப்பவர் யார்?

பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கி, 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் பரவிய யுயுசிபி என்னும் நிரல்தொகுப்பு, தொலைபேசிக் கம்பி வழியே ஒரு கணினியின் கோப்பை மற்றொன்றுக்கு அனுப்பியது. தொலைக் கணினியில் கட்டளைகளை இயக்கவும் செய்தது. கணினியின் பெயர், ஒரு வியப்புக்குறி, அதன்பின் அக்கணினிக்குள் கோப்பு இருக்கும் பாதை என்பது அதன் முகவரி முறை. அஞ்சல் என்றால் வழியிலுள்ள ஒவ்வொரு கணினியின் பெயரையும் அனுப்புநரே வரிசையாக எழுத வேண்டியிருந்தது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் எட்டு நிறுவனங்களுள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. இந்தியக் கல்வி நிறுவனங்களின் முதல் மின்னஞ்சல்கள் இவ்வகைத் தொலைபேசி இணைப்பில்தான் நடைபோட்டன. வழி முழுவதையும் அனுப்புநர் அறிந்திருக்க வேண்டும் என்பது அம்முறையின் சுமை.

1982இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பிரையன் ராண்டெல் உள்ளிட்ட மூவர் வெளியிட்ட ஆய்வு அச்சுமையைக் குறைத்தது. ஒவ்வொரு யுனிக்ஸ் கணினியிலும் கோப்புகள் ஒரு வேரிலிருந்து கிளைக்கின்றன. அவ்வேருக்கும் மேலே ஒரு படி இருப்பதாகக் கொண்டு, அங்கே ஏறி, வேறு கணினியின் பெயர் வழியாக இறங்கலாம் என்பது அவர்களின் எளிய கருத்து. பின்னர் மைக்ரோசாப்ட் உலகில் நிலைபெற்ற, இரு சாய்கோடுகளுடன் தொடங்கும் முறையும் இவ்வாறு கணினிப் பெயரை முன்னிறுத்துவதே. \\வழங்கி\பகிர்வு\கோப்பு என்று எழுதினால், எந்தக் கணினியில் நின்று படித்தாலும் அது ஒரே கோப்பைச் சுட்டும்.

ஆனால் அலுவலகங்களில் மக்கள் இவ்வளவு நீளமாக எழுதுவதில்லை. பகிர்வு ஒன்றுக்கு ஓர் எழுத்தைச் சுருக்கப் பெயராக வைத்துக்கொண்டு, ‘இசட் வட்டு’ என்று வழங்குவர். அந்த எழுத்து கணினிக்குக்கூடச் சொந்தமன்று. உள்நுழைந்த பயனரின் அந்த நேர அமர்வுக்கே சொந்தம். அதே பயனர் தொலைக் கணினி ஒன்றில் கட்டளையை இயக்கி ‘இசட்’ என்று குறித்தால், அங்கே அப்படி ஒரு வட்டு இல்லை என்ற விடையே வரும். எழுதியவர் தம் அறையை மனத்தில் வைத்து எழுதினார்; படித்த கணினி தன் அறையில் தேடிற்று. ஆணையில் பிழையில்லை, பாதைதான் அங்கே பொருள்படவில்லை.

இதைத் திருத்தி முழுப்பாதையை எழுதியபின் வேறொரு தோல்வி காத்திருக்கிறது. பயனர் முதல் கணினியில் இருக்கிறார், இரண்டாவதில் கட்டளையை இயக்குகிறார், கோப்போ மூன்றாவதில். இரண்டாம் கணினி பாதையைச் சரியாகப் படித்து மூன்றாவதன் வாயிலை அடைகிறது. ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்கிறது மூன்றாவது. பயனர் இன்னார் என்பதை இரண்டாம் கணினி உறுதிசெய்துகொண்டது உண்மை. அவர் பெயரால் இன்னொரு வாயிலைத் தட்டும் உரிமையை மட்டும் அது பெறவில்லை. பொறியாளர்கள் இதனை இரட்டைத் தாவல் சிக்கல் என்பர்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் முறை, கடவுச்சொல்லை அனுப்பாமல் காலவரையுள்ள சீட்டுகளால் ஒருவரை அடையாளம் காட்டியது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றபோது, இடைக்கணினிக்குப் பயனரின் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்க வழி இருந்தது. அந்த இடைக்கணினி பகைவர் கையில் சிக்கினால் பயனரின் அதிகாரம் முழுவதும் சிக்கும். 2003ஆம் ஆண்டு வழங்கிப் பதிப்பில், இன்ன சேவைகளிடம் மட்டுமே பயனர் பெயரால் பேசலாம் என்னும் வரையறுத்த ஒப்படைப்பு வந்தது.

‘பாதை காணப்படவில்லை’, ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்பன ஆகவே இருவேறு நோய்கள். செஞ்சி அரசவையின் இடர்களைப் பொதுவாக அரசரின் வலுவின்மை என்று ஒரே தலைப்பில் அடக்கிவிடும் வழக்கத்துக்கு இப்பிரிவினை மாற்றாக அமைகிறது.

ஆனைமங்கலம்: முழுப்பாதையும் நேரில் சுற்றலும்

தொலைவிலுள்ள நிலத்தைக் குறித்து ஆணையிடும் கலை தமிழகத்துக்குப் பழையது. முதலாம் இராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. நெதர்லாந்தின் லெய்டனில் நெடுங்காலம் இருந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப்படும் 21 ஏடுகள் இக்கொடையைப் பதிவுசெய்கின்றன. ஊர் வெறும் பெயரால் சுட்டப்படவில்லை. சத்திரியசிகாமணி வளநாடு, அதனுள் பட்டனக்கூற்றம், அதனுள் ஆனைமங்கலம் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கும் பாதை அது. தஞ்சையில் எழுதப்பட்டாலும், நாட்டார் அவையில் படிக்கப்பட்டாலும் ஒரே ஊரையே சுட்டும். செஞ்சிப் பகுதியின் ஊர்களும் இவ்வாறே சிங்கபுர நாடு முதலிய பிரிவுகளுக்கு உட்படுத்தியே கல்வெட்டுகளில் குறிக்கப்பட்டன. செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் அப்பெயரின் எச்சம்.

எனினும் சோழர் பாதையை மட்டும் நம்பவில்லை. அரசன் வாய்மொழி ஓலையாகி, ஓலை எழுதியவர், ஒப்பிட்டவர், ஒப்பமிட்டவர் எனப் பல அலுவலர் கைகளைக் கடந்தது. அது நாட்டாரை அடைந்ததும் அவர்கள் எதிர்கொண்டு வாங்கித் தலைமேல் வைத்தனர். பின்னர்ப் பெண்யானை ஒன்றை எல்லை நெடுகச் சுற்றவிட்டு, அத்தடத்தில் கல்லும் கள்ளியும் நாட்டினர். ஆணையை நிறைவேற்றுவோர் உள்ளூரார். பாதையைத் தம் மண்ணில் நடந்து சரிபார்க்கும் பொறுப்பும் அவர்களுடையதே. அரசனின் அதிகாரம் நாட்டார் அவையின் அதிகாரத்தோடு அங்கே இணைந்தது. தொண்ணூற்றேழு வேலிக்கும் சற்று மிகுந்த நிலம் இவ்வாறு கைமாறிற்று. செஞ்சி மராட்டியருக்கு இத்தகைய நாட்டார் அவை கிடைக்கவில்லை என்பதை மனத்திற்கொண்டு அடுத்த நிகழ்ச்சியைக் காண வேண்டும்.

பீரங்கி எல்லை

அரசவையின் முதற்பெருந்தேவை பணம். கடற்கரையில் வணிகம் செய்த ஐரோப்பியக் குழுமங்களிடம் அது இருந்தது. 1690இல் கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி அரசவை ஆங்கிலக் குழுமத்துக்கு விற்றது. சென்னையில் அப்போது ஆளுநராக இருந்தவர் எலிகு யேல். கோட்டை புனித டேவிட் என்று பெயர் பெற்றது. கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் அளவை விற்பனை ஒப்பந்தம் வரையறுத்த விதம் வியப்புக்குரியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பெரும் பீரங்கியின் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலம் அனைத்தும் கொள்வோருக்கு உரியது.

சென்னையிலிருந்து தேர்ந்த பீரங்கியும் தேர்ந்த பீரங்கியாளரும் அனுப்பப்பட்டனர். 1690 செப்டம்பரில் கோட்டையிலிருந்து பல திசைகளில் குண்டுகள் சுடப்பட்டு, அவை விழுந்த இடங்களை வைத்து எல்லை வரையப்பட்டது. கடலூர் நகரமும் அதனுள் அடங்கிற்று. குண்டு கிராமங்கள் என்று அவ்வூர்கள் பெயர்பெற்றன.

இங்கே ஊர்ப்பெயர்களின் பட்டியல் இல்லை, வளநாடு, கூற்றம் இல்லை, நான்கெல்லையும் இல்லை. ‘இங்கிருந்து இவ்வளவு’ என்னும் சார்புப்பாதை மட்டுமே உண்டு. அத்தகைய பாதையின் பொருளை அது படிக்கப்படும் இடமும் படிக்கும் கருவியுமே முடிவுசெய்யும். செஞ்சியில் இருந்தோர் மனத்தில் எந்தப் பீரங்கி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பெரும்பாலும் தாம் கண்டறிந்த கோட்டைப் பீரங்கிகளாக இருக்கும். ஆணையை நிறைவேற்றிய இடத்திலோ வாங்கியவரே அளவுகோலைக் கொண்டுவந்தார். சோழர் காலத்து யானை, விற்பவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான உள்ளூர் அவையின் முன் நடந்தது. 1690இன் பீரங்கி பெறுபவரின் பீரங்கி. இதனை மராட்டியரின் அறியாமை என்று தள்ளுவது எளிது. அதே செப்டம்பரில் சுல்பிகார் கான் செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்தார் என்பதைச் சேர்த்து நோக்கினால், ஊர் ஊராக எல்லை நடப்பதற்கு அரசவையிடம் ஆளும் இல்லை, நாளும் இல்லை என்பது விளங்கும்.

ஒரே ஊர், இரு உரிமைகள்

புதுச்சேரி நிகழ்ச்சி இதனினும் கடுமையானது. பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மர்த்தேன், முன்பு இப்பகுதியை நிருவகித்த மராட்டிய அதிகாரிகளின் இசைவோடு அங்கே குடியிருப்பை வளர்த்து அரண் எழுப்பியிருந்தார். 1693இல் டச்சுக்காரர் செஞ்சி அரசவையிடம் அதே புதுச்சேரிக்கு விலை கொடுத்து உரிமை பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பருக்குள் அவர்களின் கப்பற்படை ஊரைக் கைப்பற்றிவிட்டது. 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பிறகே அது பிரெஞ்சுக்காரருக்கு மீண்டது. செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடையே எழுபது கிலோமீட்டர் அளவே தொலைவு. இங்கே பாதையில் ஐயம் இல்லை; ஊர் எது என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. முன்னர் அளித்த அனுமதியைத் திரும்பப் பெறாமலே அடுத்த அனுமதி அளிக்கப்பட்டது. அனுமதிப் பட்டியலைப் பராமரிக்கும் ஒரே இடம் என்று செஞ்சி இயங்கவில்லை. பணம் தருவோருக்கு உரிமை எழுதித் தரும் இடமாக இயங்கியது. நிறைவேற்றும் வலிமையை வாங்குபவரே கொண்டுவந்தார்.

இராஜாராம் தம் தளபதிகளுக்கு அளித்த உறுதிமொழிகள் மூன்றாம் வகை. 1691 சூன் 4ஆம் நாளிட்ட சன்னது, அனுமந்தராவ் கோர்ப்படேக்கு ஆறு இலட்சம் ஹொன் வருவாயுள்ள நிலங்களைப் படிப்படியாக ஒதுக்குகிறது. இராய்கட் பகுதி மீட்கப்பட்டால் ஒரு பங்கு. பீஜப்பூர், பாகநகர் என்னும் ஐதராபாத், ஔரங்காபாத் ஒவ்வொன்றும் வெல்லப்பட்டால் ஒவ்வொரு பங்கு. எஞ்சியது டெல்லி வெல்லப்பட்டபின். பாதைகள் அனைத்தும் தெளிவானவை. எந்தப் பாதையின் வாயிலும் எழுதியவருக்குத் திறக்காது. இவ்வாவணத்தைக் கனவு என்று நகைத்தோர் உண்டு. பேரரசை எதிர்க்கும் பார்வையின் விரிவைக் காட்டுவது என்று போற்றியோரும் உண்டு. ஆணைகளின் இயக்கம் என்ற கோணத்தில் அதன் கூர்மை வேறு. திறக்கும் பொறுப்பை ஆணையே பெறுபவரிடம் ஒப்படைக்கிறது. திறந்தால் உனது, திறக்கும் வரை எவருக்கும் இழப்பில்லை. கருவூலம் வற்றிய அரசு படையை நிறுத்திவைக்க இதனினும் சிக்கனமான கருவியைக் கண்டிருக்க இயலாது.

இரண்டாம் தாவல்

இத்தகைய அரசு எட்டாண்டு நீடித்தது எவ்வாறு? விடை செஞ்சியில் இல்லை. விசாலகட்டிலும் பன்ஹாளாவிலும் இருக்கிறது. தெற்கே புறப்படும் முன் இராஜாராம் இராமச்சந்திர பந்த் அமாத்தியரைத் தம் பெயரால் மகாராட்டிரத்தை நிருவகிக்க அமர்த்தினார். அவருக்கு ‘ஹுகூமத்பனா’ என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. அரசாட்சியின் அடைக்கலம் என்பது அதன் பொருள். சங்கராஜி நாராயண் அவருக்குத் துணை. செஞ்சியில் பிரகலாத் நிராஜிக்காகப் ‘பிரதிநிதி’ என்னும் புதிய பதவி உருவாக்கப்பட்டது. பட்டங்களின் சொற்பொருளே கூறுவது போல, அரசரின் ஆளுமை இரு இடங்களில் பகுக்கப்பட்டது.

இதன் தேவையை உணர, ஒப்படைப்பு இல்லாத நிலையை எண்ணிப் பார்க்கலாம். செஞ்சியில் எழுதப்பட்ட மோடி எழுத்து ஆணை தூதன் கையில் முகலாயப் படைகளுக்கு இடையே நுழைந்து வாரக்கணக்கில் பயணம் செய்து ஓர் இடை அதிகாரியை அடைகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டை ஒன்றின் அவல்தாரிடமோ ஊரின் தேஷ்முக்கிடமோ செல்கிறார். தேஷ்முக் முத்திரையைக் காண்கிறார்; தொடக்கத்தில் அரசரின் முத்திரை, முடிவில் வேறொன்றும் சேர்க்கப்படவில்லை என்பதற்கான மோர்த்தப். ஆவணம் உண்மையானது என்று ஏற்கிறார். ‘ஆனால் இதை என்னிடம் நிறைவேற்றச் சொல்ல நீர் யார்?’ என்னும் வினா எஞ்சுகிறது. முகலாயரும் அவரை நாடி அவருடைய வதனை உறுதிசெய்து தருவதாக அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஐயம் எழுந்தால் மீண்டும் செஞ்சிக்கு எழுதி விடை பெற மாதங்கள் ஆகும். அதற்குள் அவர் மறுபக்கம் போயிருப்பார்.

அரசரே நேரில் வந்தாலும் வாயில் தானாகத் திறப்பதில்லை என்பதற்குச் செஞ்சியே சான்று. அங்கே ஆளுநராக இருந்த ஹர்ஜி மகாதிக் 1689இல் இறந்தார். கோட்டை, அவர் மனைவியும் சிவாஜியின் மகளுமான அம்பிகாபாயின் கையில் இருந்தது. தம்பி முறையினரான இராஜாராமுக்குக் கோட்டையை விட்டுக்கொடுக்க அவர் தொடக்கத்தில் விரும்பவில்லை. கோட்டைக்குள் இருந்த படையினரும் அதிகாரிகளும் எதிர்க்க இசையாததால்தான் கதவு திறந்தது. தம் பெயர் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இராஜாராம் தம் ஆட்சியின் முதல் வாரங்களிலேயே கற்றிருப்பார்.

இராமச்சந்திர பந்துக்கு அளிக்கப்பட்டது செய்தி கொண்டுசெல்லும் பணி அன்று. அரசர் பெயரால் தாமே முடிவெடுக்கும் அதிகாரம். படை திரட்டவும் நிலம் ஒதுக்கவும் கோட்டைக்காவலரை மாற்றவும் அவர் செஞ்சியின் விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கணினித்துறையின் சொல்லில் அது வரையறையற்ற ஒப்படைப்பு. பயனரின் முழு அதிகாரமும் இடைக்கணினியில் வைக்கப்பட்டது. அதன் ஆபத்தை இராஜாராம் ஏற்றுக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும். இராமச்சந்திர பந்த் மாறியிருந்தால் மராட்டிய அரசு அன்றே முடிந்திருக்கும். அவர் மாறவில்லை. ஓர் அரசின் வாழ்வு ஒரு மனிதரின் நேர்மையில் இவ்வளவு நேரடியாகத் தங்கியிருந்த வேறு காலத்தைத் தென்னிந்திய வரலாற்றில் காட்டுவது அரிது.

ஒப்படைப்பின் விலை வேறிடத்தில் தெரிந்தது. முழு அதிகாரம் இரண்டு இடங்களில் இருக்கும்போது வழக்காளிகளுக்கு இரண்டு வாயில்கள் கிடைக்கின்றன. அங்கே தோற்றவர் நெடும்பயணம் செய்து செஞ்சிக்கு வந்து முறையிடலாம். வேறு சன்னது பெற்று ஊர் திரும்பலாம். மராட்டிய ஆவணங்கள் செஞ்சியைச் ‘சந்தி’ என்று வழங்கின. பீஜப்பூர் ஆட்சியில் அது பாத்ஷாபாத். முகலாயர் கைப்பற்றியபின் நுஸ்ரத்கட். ஒரே மலைக்கு ஒவ்வோர் அரசும் தன் சுருக்கப் பெயரை இட்டது. பிற்காலத்தில், 1715ஐ ஒட்டி, இராமச்சந்திர பந்த் எழுதிய ‘ஆக்ஞாபத்திரம்’ என்னும் அரசியல் நூல் வதன்தாரர்களைப் பற்றியும் நிலக்கொடைகளைப் பற்றியும் கடுமையான எச்சரிக்கைகளைக் கொண்டிருப்பதற்கு இந்த எட்டாண்டுப் பட்டறிவு ஒரு காரணமாதல் வேண்டும்.

முற்றுகையிட்டோரின் நிலையும் தொலை ஆணையே. ஔரங்கசீப் வடமேற்கே தம் பாசறையில் இருந்தார்; செஞ்சியின் எதிரே சுல்பிகார் கான், பின்னர் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசர் காம் பக்‌ஷும் இருந்தனர். 1692இன் இறுதியில் சாந்தாஜியும் தனாஜியும் வந்து சூழ்ந்து தூதர் வழிகளை அறுத்தனர். பேரரசரின் கடிதங்கள் நின்றதும், பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி பாசறையில் பரவிற்று. காம் பக்‌ஷ் கோட்டைக்குள் இருந்தோருடன் மறைவாகப் பேசினார். தளபதியும் அவர் தந்தையும் பேரரசரின் மகனையே சிறைவைத்தனர். முகலாய அரசில் அதிகாரம் முழுவதும் ஒரே மையத்தில் இருந்தது. இணைப்பு அறுந்த சில வாரங்களில் மையம் உயிரோடு இருக்கிறதா என்பதே ஐயமாயிற்று. செஞ்சியின் இணைப்பும் அதே போர்ச்சூழலில் பலமுறை அறுந்தது. ஆயினும் மகாராட்டிரத்தில் ஆணைகள் பிறந்துகொண்டே இருந்தன. இராஜாராம் 1697 டிசம்பரில் தப்பிச் சென்று, 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது, அவர் திரும்பிச் செல்வதற்கு இயங்கும் அரசு ஒன்று அங்கே இருந்தது.

புல எண்

செஞ்சி வட்டத்து நிலங்கள் இன்று பிறிதொரு பாதையால் அறியப்படுகின்றன. இணையத்தில் பட்டா விவரம் தேடுவோர் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பதாரர் திறன்பேசியில் கேட்பதைத் தொலைவிலுள்ள வழங்கி அப்பாதையில் இறங்கிக் கண்டெடுக்கிறது. சோழர் காலத்து வளநாடு, கூற்றம், ஊர் வரிசையின் வழித்தோன்றல் என்று இதனைக் கூறுவது மிகையாகாது.

பாதையின் மேற்படிகளோ நிலையானவையல்ல. 1993 செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தபோது செஞ்சி புதிய விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. ஒரு வயலும் இடம் பெயரவில்லை. அனைத்து வயல்களின் முகவரியும் மாறிற்று. பின்னர் மேல்மலையனூர் தனி வட்டமானபோது, அதில் சேர்ந்த ஊர்களின் பாதையில் இரண்டாம் படியும் மாறிற்று. தாத்தா எழுதிய கிரயப் பத்திரத்தில் தென்னார்க்காடு என்றிருக்க, பேரன் திரையில் விழுப்புரம் என்று தேர்கிறார். பத்திரங்களோ வருவாய்த்துறைப் பாதையோடு, பதிவு மாவட்டம், சார்பதிவகம் என்று இன்னொரு துறையின் பாதையையும் சுமக்கின்றன; ஒரே நிலத்துக்கு இரு பாதைகள்.

பத்திர எழுத்தர்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து கணினிக்கும் கும்பினிக்கும் முந்தியது. பாதை முழுவதையும் எழுதியபின் ‘இதற்குச் செக்குபந்தி’ என்று தொடங்கி, இன்னார் நிலத்துக்கு வடக்கு, வண்டிப் பாதைக்குக் கிழக்கு, இன்ன ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் கொல்லைக்கு மேற்கு என நான்கெல்லையைச் சொல்கின்றனர். புல எண்ணுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு எழும்போது அளவர் சங்கிலியோடு வயலுக்கு வருகிறார். பக்கத்து நிலத்தார் வரப்பில் வந்து நிற்கின்றனர்.